மீட்டரில் கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்தும் மிக்ஸரில் ஏன் இரைச்சல்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துக் கோயில் மைக் மிக்ஸருக்கு 12 வோல்ட் சப்ளை கட்டினேன். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 1என்4007 டயோடு நாலு, 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வோல்ட்டை 12-இல் நிலையாக வைக்கும் 7812 ரெகுலேட்டர். மிக்ஸர் அரை ஆம்பியர் இழுக்கிறது. மீட்டர் 11.8 காட்டுகிறது, ஆனால் ஸ்பீக்கர் விடாமல் இரைகிறது. 7812 போய்விட்டதா?

பதில்: 7812 பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் போகும் வோல்ட்தான் பற்றவில்லை.

டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12 ஆர்எம்எஸ் அளவு, அதாவது ஏறி இறங்கும் அலையின் ஒருவகைச் சராசரி. உச்சம் 1.414 மடங்கு, அதாவது 17 வோல்ட். நாலு டயோடும் சேர்ந்த பிரிட்ஜில் எப்போதும் இரண்டு டயோடு வழியாகத்தான் கரண்ட் போகும். கெப்பாசிட்டர் நிரம்பும் நொடிப்பொழுதில் அரை ஆம்பியரைவிடப் பல மடங்கு பாய்வதால் ஒரு டயோடுக்கு 0.7 போதாது, 0.9 என்று கழியுங்கள். மிச்சம் 15.2.

அடுத்தது ரிப்பிள், அதாவது கெப்பாசிட்டர் ஒருமுறை நிரம்பி மறுமுறை நிரம்பும்வரை வோல்ட் இறங்கும் அளவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முழு அலை என்பதால் வினாடிக்கு 100 தடவை கெப்பாசிட்டர் நிரம்பும். 0.5 ஆம்பியரை 100 ஆலும் 0.0022 ஃபாரடாலும் வகுத்தால் 2.3 வோல்ட். உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், ஆனாலும் கூடுதலாக எடுப்பதே பத்திரம். ஆக அடிமட்டம் 12.9. 7812-க்கு வெளியே வருவதைவிட 2 வோல்ட் அதிகம் உள்ளே வேண்டும், அதாவது 14. அது இல்லாததால் வெளியே வரும் 12 வோல்ட் வினாடிக்கு 100 முறை 11-க்குச் சரிகிறது. ஸ்பீக்கரில் கேட்பது அந்தச் சரிவுதான். டிசி மீட்டர் சராசரியை மட்டுமே சொல்லும். அதனால் ரெகுலேட்டர் சப்ளையை எப்போதும் அடிமட்டத்தை வைத்தே கணக்கிடுங்கள். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து, மீட்டரை ஏசியில் போட்டு வெளியீட்டை அளந்தால் ரிப்பிள் தெரியும்.

கெப்பாசிட்டரை 4700 ஆக்கினால் அடிமட்டம் 14.1 வரும். அதை நம்பாதீர்கள். நம் நாட்டு 230 வோல்ட் விதிப்படியே 216 வரை இறங்கலாம், இறங்கினால் இரைச்சல் திரும்பிவிடும்.

15 வோல்ட், 20 விஏ (வோல்ட்-ஆம்பியர், தாங்கும் திறன்) டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். 2200-ஐயே வைத்தாலும் அடிமட்டம் 17 கிடைக்கும். கெப்பாசிட்டர் மட்டும் 35 வோல்ட் ரகமாக இருக்கட்டும்: மின்சாரம் 253-க்கு ஏறி மிக்ஸரும் அணைந்திருந்தால் 28 வோல்ட் வரை போகும், 25 வோல்ட் ரகம் தாங்காது. 7812-இல் 3 வாட்டுக்கு மேல் சூடாகக் கரையும். ஹீட்சிங்க் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் தானே அணைந்துகொள்ளும். தகரக் கூரைக்கடியில் இன்னும் சீக்கிரம். ஒரு வாட்டுக்கு 10 டிகிரி அல்லது அதற்கும் குறைவாகவே சூடேறும் ஹீட்சிங்க் போடுங்கள். உள்பக்கம் 0.33, வெளிப்பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கால்களை ஒட்டியே வையுங்கள்.

7812-க்குப் பதிலாக 12 வோல்ட் சீனர் (வோல்ட்டை ஓர் அளவில் பிடித்து நிறுத்தும் டயோடு) மட்டும் போட்டால் ஆகாதா என்றால், ஆகாது. மிக்ஸரை அணைத்ததும் அந்த அரை ஆம்பியர் முழுக்க சீனர் மேல் விழும், 6 வாட். சீனர் அலையின் உச்சியை வெட்டும் கிளிப்பிங் சர்க்யூட்டுக்குப் பொருத்தம், இந்த வேலைக்கு இல்லை.

ஃபியூஸ் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இந்தச் சின்ன டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றாது. ஒரு டயோடு ஷார்ட் ஆனால் சுருள் எரிந்த பிறகும் அது அப்படியே இருக்கும். 230 வோல்ட் பக்கம் 200 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (சட்டென எரியாமல் சற்றுத் தாமதித்து எரியும்) ஃபியூஸ் தனியாகக் கட்டாயம் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரைந்தால் கிரவுண்ட் வயரைப் பாருங்கள். பிரிட்ஜின் மைனஸ் நேராகக் கெப்பாசிட்டர் காலுக்குப் போக வேண்டும். அந்தக் காலிலிருந்து 7812-இன் நடுக்கால், அங்கிருந்து மிக்ஸர். மிக்ஸரின் கிரவுண்டைப் பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே எடுத்தால், ரெகுலேட்டர் சரியாக இருந்தாலும் அந்த வயரில் துடிக்கும் கரண்ட் நேராக மைக்கில் ஏறும்.