பறுவமும் பானையும்: மூலிகைத் தண்ணி பற்றிச் சில கேள்விகள்

அப்பு திருகோணமலை உப்புவெளியில் பரிகாரியாக, அதாவது நாட்டு வைத்தியராக இருந்தவர். நான் பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை. அவருக்கு வேர்க்கொம்பு இடித்தும் அடுப்பு ஊதியும் வளர்ந்தவள். நிலவு பார்த்து மூலிகைத் தண்ணி காய்ச்சுவது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: "சங்குப்பூவைத் தண்ணீரில் போட்டு, முழுநிலவு வரும் பறுவ இரவு முழுக்க முற்றத்தில் வைத்து, விடியக் குடித்தால் உடம்பு குளிரும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா அக்கா?"

அந்த முறையில் வேண்டாம். நம்மூர் இரவு வெக்கை உனக்குத் தெரியும்தானே. பச்சைப் பூவைப் பச்சைத் தண்ணீரில் எட்டு மணி நேரம் அந்தச் சூட்டில் விட்டால் கிருமிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ஐந்தாறு பூவை எடு, காம்பையும் பச்சைப் புல்லியையும் கிள்ளிப் போடு, கழுவு. கொதித்து இறக்கிய ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் மூடி வை. முதலில் பூவின் ஓரத்திலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கும், பிறகு பூ வெளிறிப் போய்விடும். இரண்டு துளி தேசிக்காய் விட்டால் நீலம் ஊதாவாக மாறும். பூவிலுள்ள அந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்புக்கு நிறம் மாறும், அவ்வளவுதான், மாயம் இல்லை. அந்தக் கோப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் நிலவைப் பார்த்துக் குடி. அதை நானும் செய்வேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் மட்டும் வேண்டாம்.

தம்பலகாமத்து அண்ணை ஒருவர்: "வேரைத் தேய்பிறையிலும் இலையை வளர்பிறையிலும் பறிக்க வேண்டும் என்பார்களே?"

அப்புவும் அப்படித்தான் சொல்வார். வளர்பிறையில் சத்து மேலே ஏறும், தேய்பிறையில் வேருக்கு இறங்கும் என்பது கணக்கு. ஆனால் அவர் பறித்ததைக் கூட நின்று பார்த்தவள் நான். பிறையைவிட அவர் காற்றைத்தான் பார்த்தார். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் வைகாசி, ஆனியில் நன்னாரி வேரை நிழலில் பரப்பினால் சில நாளில் முறித்தால் படக்கென்று ஒடியும். கார்த்திகை, மார்கழி மழையில் எந்தப் பிறையில் பிடுங்கினாலும் பூஞ்சணம்தான் மிஞ்சும். இலை என்றால் காலையில், பனி காய்ந்த பிறகு.

அவர் செடிக்கு முன்னால் குந்தி, மஞ்சள் நூல் சுற்றி, தண்ணீர் தெளித்து, ஏதோ முணுமுணுப்பார். சின்னவளாக எனக்கு அலுப்பாக இருக்கும். அந்த நேரத்தில்தான் அவர் இலையைக் கசக்கி மணந்து, சரியான செடிதானா என்று இரண்டாம் தரம் பார்க்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. நூல் சுற்றாவிட்டாலும் அந்த இரண்டாம் பார்வையை விட்டுவிடாதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: "கடலையே இழுக்கும் நிலவு, பாதிக்கு மேல் தண்ணீரான நம் உடம்பை இழுக்காதா?"

நல்ல கேள்வி. பூமியின் நிலவுப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 12,700 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் நிலவின் இழுப்பு கூடிக் குறைவதால்தான் கடல் ஏறி இறங்குகிறது. ஆறடி உடம்பில் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இன்னொன்று, பறுவத்திலும் அமாவாசையிலும் கடல் ஒரே மாதிரித்தான் ஏறும். அப்படியென்றால் இரண்டு நாளும் உடம்புக்கு ஒரே பலன் அல்லவா வர வேண்டும்? நம்மூர்க் கடலில் ஏற்றமும் இறக்கமும் ஒரு மீற்றர்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளும்.

ஒரு அம்மா: "அமாவாசையில் வில்வம் பறிக்கக் கூடாதாமே, மருந்துக்கும் அப்படியா?"

அது பூசைக்கான விதி அம்மா. திங்கட்கிழமை, அட்டமி, நவமிக்கும் உண்டு. முதல் நாளே பறித்து வைப்பது வழக்கம்.

பெயர் போட வேண்டாம் என்ற ஒருவர்: "அப்பா இல்லாததால் ஆடி அமாவாசை விரதம் இருக்கிறேன். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசையும் ஆவரசம்பூத் தண்ணியும் எடுக்கிறேன். அன்றைக்கும் தொடரலாமா?"

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். கோணேஸ்வரத்தில் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் முடித்துச் சோறு வாயில் வைக்க மத்தியானம் தாண்டிவிடும். வெறும் வயிற்றில் குளிசையும், சீனியைக் குறைக்கக்கூடிய மூலிகையும் சேர்ந்தால் சீனி கீழே போய், வெயிலில் மயங்கி விழலாம். மூலிகைத் தண்ணியை அன்றைக்கு விடுங்கள். குளிசையை எப்போது போடுவது என்று கிளினிக்கில் முதலே கேளுங்கள். விரதம் முடித்துக் காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டாலும் அதன் கைப்பு முழுதாகப் போனதில்லை. போகவும் கூடாது என்பார் அம்மா.

இன்னொருவர்: "வருசப்பிறப்பு மருத்துநீரும் நிலவுக் கணக்குத்தானே?"

இல்லை, அது சூரியக் கணக்கு. சூரியன் மேட ராசிக்குள் போகும் நேரத்தை வைத்துத்தான் பஞ்சாங்கம் புண்ணியகாலம் சொல்லும். தாழம்பூ, தாமரை, மாதுளம்பூ, துளசி, மஞ்சள், திப்பிலி எல்லாம் போட்டுக் காய்ச்சிக் கோயிலில் தருவது தலையில் வைத்து முழுகத்தான், குடிக்க இல்லை. போன வருசம் ஒரு பிள்ளை குடித்துவிட்டுத் தொலைபேசி எடுத்தது!

மூதூர் அக்கா ஒருவர்: "ஒரே நாளில் காய்ச்சி வைத்துக் கிழமை முழுக்கக் குடிக்கலாமா?"

கூடாது. கசாயத்துக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். வேர், பட்டை என்றால் எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்ச வேண்டும். பூவையும் மெல்லிய இலையையும் அப்படி வற்றக் காய்ச்சாமல் சுடுதண்ணீரில் ஊறவிட்டால் போதும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பொல்பலாவை, அதாவது சிறுபீளையைத் தாங்களாகக் குடிக்க வேண்டாம். பிறசர் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுத்தால் பிறசர் ஏறும்.

கடைசியாக ஒரு தம்பி: "அம்மம்மா போயா நாளில், அதாவது பறுவ விடுமுறையில்தான் எங்களுக்குப் பேதி தருவா. பறுவத்தில் பூச்சி மேலே வரும் என்பா. உண்மையா?"

பூச்சிக்குக் கலண்டர் தெரியாது தம்பி. இப்போது பூச்சிக் குளிசை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வீட்டிலும் போயாவில்தான் ஆமணக்கெண்ணெய். ஏன் என்று அப்புவிடம் ஒருநாள் கேட்டேன். "அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கக்கூசுக்குப் பத்துத் தரம் ஓடலாம்" என்றார்.