‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’: இயற்பியல் தெரியாமல் படிக்க முடியுமா?

கேள்வி: சீன எழுத்தாளர் லியூ சிசினின் ‘தி த்ரீ-பாடி பிராப்ளம்’ நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் தொடங்கினேன். நான் வணிகவியல் படித்தவன். ஐம்பது பக்கங்களுக்குள் சீனப் பெயர்களும் இயற்பியலும் குழப்பிவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டதால் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

பதில்: போக வேண்டாம். முதல் பாகத்தையே முதல் பக்கத்திலிருந்து, இம்முறை நிதானமாகப் படியுங்கள். தடுப்பது இயற்பியல் என்று நினைக்கிறீர்கள். பெயர்கள்தான் பெரிய தடை என்பது என் கணிப்பு, அது ஐந்து நிமிடத்தில் நீங்கிவிடும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், நம் பெயருக்கு முன்னால் தந்தையின் தலைப்பெழுத்து நிற்பதைப் போல. மணமான பெண் தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளைகள் பெரும்பாலும் தந்தையின் குடும்பப் பெயரைப் பெறுவார்கள். ஆகவே யே செதாய் தந்தை, ஷாவோ லின் தாய், யே வென்ஜியே அவர்களுடைய மகள், யாங் டோங் பேத்தி என நால்வரும் ஒரே குடும்பத்தினர். காவல் அதிகாரி ஷி சியாங்கைத்தான் ‘தா ஷி’, அதாவது ‘பெரிய ஷி’ என்றும் அழைக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டால் நாவல் கைவசப்பட்டுவிடும். சீனாவில் மாவோவின் கலாச்சாரப் புரட்சி நடந்த 1967இல், சிங்ஹுவா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரான யே செதாய், ஐன்ஸ்டைனின் சார்பியலைக் கற்பித்த குற்றத்துக்காகப் பொதுமேடையில் நிறுத்தப்படுகிறார். தலையில் கனத்த இரும்புக் கம்பிகளாலான தொப்பி. கழுத்தில் ஆய்வகச் சூளையிலிருந்து கழற்றிய இரும்புக் கதவு, அதில் அவர் பெயர், பெயரின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. மனைவியே மேடையேறி அவருக்கு எதிராகப் பேச, மகளின் கண்ணெதிரில் மாவோவின் இளைஞர் படையான செங்காவலரைச் சேர்ந்த நான்கு மாணவிகள் அவரை அடித்துக் கொல்கிறார்கள். பின்னாளில் விண்வெளியிலிருந்து செய்தி வரும்போது வென்ஜியே எடுக்கும் முடிவின் வேர் இந்த மேடையில் இருக்கிறது என்பதால், அந்த அத்தியாயத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். 2008இல் சீனாவில் வெளிவந்த நூலில் இப்பகுதி நடுவே வைக்கப்பட்டிருந்தது. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்புதான், ஆசிரியரின் ஒப்புதலோடு, அதை முதலில் வைத்தது. அது மிகச் சரியான முடிவென்றே நான் கருதுகிறேன்.

இனி இயற்பியல். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றினால், அவை நூறாண்டுக்குப் பின் எங்கிருக்கும் என்பதை நியூட்டனின் விதிகளைக் கொண்டு எளிதாகக் கணக்கிடலாம். மூன்றாவது பொருள் சேர்ந்தால், தொடக்கத்தில் இருக்கும் மயிரிழை வேறுபாடும் பெருகிப் பெருகிக் கணிப்பையே கவிழ்த்துவிடக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே காட்டினார். தலைப்பின் பொருள் இவ்வளவுதான். மூன்று சூரியன்களுக்கிடையே அகப்பட்ட ஒரு கோளில் அடுத்த விடியல் எரிக்குமா, உறைய வைக்குமா என்று எவராலும் சொல்ல முடியாத நிலையை, நாவலில் வரும் கணினி விளையாட்டு அத்தியாயங்கள் கண்முன் நிறுத்துகின்றன. மக்கள் உடலின் நீரை வெளியேற்றித் தோல்போலச் சுருண்டு, நல்ல காலம் வரும்வரை கிடங்கில் கிடக்கிறார்கள். அதே விளையாட்டில் பண்டைய சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் 3 கோடி வீரர்கள் கறுப்பு, வெள்ளைக் கொடிகளை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரு கணினியாகவே இயங்குகிறார்கள். முன்னால் நிற்கும் இருவரும் கறுப்பைக் காட்டினால் மட்டும் மூன்றாமவர் கறுப்பை உயர்த்துகிறார். இதைப் புரிந்துகொள்ள வணிகவியல் தாராளமாகப் போதும். புரோட்டானை விரிக்கும் பகுதி மட்டும் கடினமானது. அங்கே கதை என்ன ஆகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

2024இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடர், நிகழ்காலக் கதையைப் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மாற்றி, வாங் மியாவ் என்ற ஒரே ஆய்வாளரின் பங்கைப் பல நண்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அடுத்த பாகங்களின் நிகழ்வுகளையும் கலந்துவிட்டது. எனவே அது முதல் நாவலுக்கு ஈடாகாது. 2023இல் டென்சென்ட் வெளியிட்ட 30 பகுதித் தொடர் நூலுக்கு நெருக்கமானது.

இரண்டாம் பாகத்தின் முன்னுரையில், மகள் யாங் டோங்கின் கல்லறையருகே முதிய வென்ஜியே ஓர் இளைஞனிடம் சிறிது நேரம் பேசிவிட்டுப் போகிறார். அந்தப் பாகம் முழுவதும் அவர் அங்கே சொல்லும் சில வாக்கியங்களின் மேல்தான் நிற்கிறது. 1967இல் அவர் கண்டதை அறியாதவருக்கு, அவை ஒரு மூதாட்டியின் பேச்சாக மட்டுமே கேட்கும்.