தண்ணி வேகம் கம்மியா வர்ற வீட்டுக்கு எந்த ப்ரஷர் வாஷர் வாங்கலாம்?

தம்பி, நீங்க கேட்டது இதுதான்: புதுசா குடிவந்த வீட்டுல குழாயில தண்ணி சன்னமாத்தான் வருது, வாசல் தரை பூரா பாசி, கார் வேற கழுவணும், ப்ரஷர் வாஷர் வாங்கினா ஓடுமா, பெரிய மெஷினா வாங்கிட்டா இந்தக் குறை தீந்துடுமா, இல்ல ஊர்ல அப்பா வச்சிருக்கற மெஷினையே கொண்டுவந்துடலாமா. நான் வெளிநாடு வந்து 14 வருஷம் ஆச்சு, நாலு வீடு மாறிட்டேன், அதுல ரெண்டு வீட்டுல இதே பாடுதான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

பெரிய மெஷின் வாங்காதீங்க. உங்க வீட்டுக்கு அதுதான் தப்பான மெஷின்.

ஏன்னு சொல்றேன். பெட்டி மேல கொட்டை எழுத்துல 130 பார், 150 பார்னு போட்டிருப்பாங்க, பார்ங்கறது ப்ரஷரோட அளவு, நாமளும் அதைப் பார்த்துதான் எடுப்போம். ஆனா அந்த பாரை உண்டாக்குறது மெஷினுக்குள்ள இருக்கற பம்ப், உங்க குழா இல்ல. பம்ப்ல பிஸ்டன் ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் இவ்வளவு தண்ணின்னு ஒரு கணக்கா தள்ளும், அந்தத் தண்ணி நாசில்ல, அதாவது தண்ணி பீச்சற முனையில, இருக்கற ஊசித்துளை வழியா வெளிய போக முட்டி மோதும்போதுதான் ப்ரஷர் பிறக்குது. அதனால குழாயில வேகம் கம்மியா இருக்கறது ஒரு பெரிய குறையே இல்ல, பம்ப் கேக்கற அளவு தண்ணி வந்து சேருதான்னுதான் பாக்கணும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். பெரிய மெஷின் நிமிஷத்துக்கு 10 லிட்டர் கேக்கும், உங்க குழா 6 லிட்டர்தான் குடுக்கும்னா மிச்சத்துக்கு அது எங்க போகும்?

எனக்கு நடந்ததைச் சொல்றேன். முதல் வீட்டுல இதே மாதிரி நினைச்சு, தண்ணி கம்மியா வருதே, பலமான மெஷினா இருந்தா இழுத்துக்கும்னு ஒரு பெட்ரோல் மெஷின் வாங்கினேன், நிமிஷத்துக்கு 10 லிட்டர் கேக்கற வகை. ஸ்டார்ட் பண்ணி, கையில பிடிச்சு தண்ணி அடிக்கற கன்னை அழுத்தினா ரெண்டு செகண்ட் நல்லா அடிக்கும், அப்புறம் சோர்ந்து போகும், திரும்ப அடிக்கும், கையில கன் விட்டு விட்டு உதைக்கும். பம்ப்ல இருந்து டப்பாவுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு குலுக்கற மாதிரி ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா மெஷினுக்குப் போற பச்சை ஹோஸ் தட்டையா ஒட்டிப் போயிருந்தது, பம்ப் அவ்வளவு தாகத்துல உறிஞ்சுது. புது மெஷின், போகப் போக சரியாயிடும்னு விட்டுட்டேன். அந்த சீசன் முடியறதுக்குள்ள பம்ப் போச்சு. தண்ணி பத்தாம போனா பம்ப்க்குள்ள சின்னச் சின்ன குமிழி உண்டாகி வெடிக்கும், அதுக்கு கேவிடேஷன்னு பேரு, அந்தக் கூழாங்கல் சத்தம் அதோடதுதான், வால்வையும் சீலையும் அது கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். அந்தச் சத்தம் கேட்டா அந்த நிமிஷமே நிறுத்திடணும்னு அப்ப எனக்குச் சொல்ல ஆள் இல்ல, அதான் உங்களுக்குச் சொல்றேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. 10 லிட்டர் வாளி ஒண்ணு எடுங்க, மெஷினுக்கு மாட்டப்போற அதே ஹோஸை அதே வெளிக்குழாயில மாட்டி, ஹோஸோட முனையில வாளியை வச்சு குழாயை முழுசா திறந்து விட்டு போன்ல டைம் பாருங்க. சமையலறை குழாயில பார்க்காதீங்க, அது வேற கணக்கு வரும். 600ஐ அந்த செகண்டால வகுத்தா நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு வந்துடும். 60 செகண்ட்ல நிறைஞ்சா 10 லிட்டர், 100 செகண்ட்னா 6 லிட்டர், 150 செகண்ட்னா வெறும் 4. காலைல எல்லாரும் குளிக்கற நேரத்துல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பாருங்க, கம்மியா வர்றதைத்தான் கணக்குல எடுத்துக்கணும். ப்ரஷர் கேஜ் வாங்கி மாட்டிப் பார்க்கறவங்க உண்டு, ஆனா அது குழாய் மூடியிருக்கும்போது 3 பார் காட்டும், திறந்ததும் நூல் மாதிரி வரும், உள்ள பழைய பைப்ல உப்பு படிஞ்சு துளை சுருங்கியிருந்தா அப்படித்தான். வாளி அந்த மாதிரி ஏமாத்தாது.

கணக்கு கம்மியா வந்தா உடனே மனசு விட்டுடாதீங்க, முதல்ல ஹோஸைப் பாருங்க. எனக்கு ரெண்டாவது தடவை இந்தப் பிரச்சினை வந்த வீட்டுல 30 மீட்டர் நீள அரை இஞ்ச் ஹோஸ் போட்டிருந்தேன், வாளி நிறைய 95 செகண்ட் ஆச்சு. அதையே 15 மீட்டர் முக்கால் இஞ்ச் ஹோஸா மாத்தினதும் 75 செகண்டுக்கு வந்துடுச்சு, அதாவது 6 லிட்டர் சொச்சம் 8 லிட்டராச்சு, வேற எதையும் தொடல. நீளமும் குறுகலும் அவ்வளவு தின்னுது. அப்புறம் வீட்டுக்குள்ள தண்ணி நுழையற இடத்துல மெயின் வால்வு இருக்கும், பழைய ஆளுங்க பாதி மூடி வச்சுட்டுப் போயிருப்பாங்க, அது முழுசா திறந்திருக்கான்னு பாருங்க, வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு தொடுங்க. ஹோஸை மாட்டற கப்ளர்ல, தானா தண்ணியை நிறுத்தற வகை இருக்கு, அது வழியை அடைக்கும், சாதாரண கப்ளரா போடுங்க.

இப்ப மெஷினுக்கு வருவோம். பார் எழுதியிருக்கறதை விட்டுட்டு லிட்டர் எங்க எழுதியிருக்குன்னு தேடுங்க, நிறைய மெஷின்ல மணிக்கு இத்தனை லிட்டர்னுதான் இருக்கும், 360னு போட்டிருந்தா அறுபதால வகுங்க, நிமிஷத்துக்கு 6. உங்க வாளிக் கணக்கு அதைவிட கால் பங்காவது கூட இருக்கணும், அதாவது 6 லிட்டர் மெஷினுக்கு குழாயில 7.5 லிட்டர் வந்தா நிம்மதி. வீட்டுக்குன்னு வர்ற சின்ன கரண்ட் மெஷின்கள் பெரும்பாலும் 5.5 முதல் 7 லிட்டருக்குள்ள, 100, 110 பார்ல இருக்கும். காருக்கும் பாசிக்கும் அது தாராளம், நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். தரை கழுவ ஒரு வட்டத் தட்டு தருவாங்க, உள்ள ரெண்டு நாசில் சுத்தும், சின்ன மெஷினுக்கு சின்னத் தட்டு போதும், பெருசா வாங்கினா தண்ணி பத்தாம மந்தமா சுத்தி தரையில வட்ட வட்டமா கோடு விழும்.

வாளிக் கணக்கு 5 லிட்டருக்குக் கீழ வந்தா குழாயை நம்பாதீங்க, ட்ரம் வச்சுக்கோங்க. நான் இப்ப இதைத்தான் பண்றேன், இதுல கிடைச்ச நிம்மதி வேற எதுலயும் கிடைக்கல. 200 லிட்டர் ட்ரம் ஒண்ணை கான்கிரீட் பிளாக் மேல மெஷினைவிட உயரமா தூக்கி வச்சு, அடியில முக்கால் இஞ்ச் குழா மாட்டி, அங்க இருந்து மெஷினுக்கு ஒரு குட்டை ஹோஸ், அதுவும் உள்ள கம்பிச் சுருள் இருக்கற வகை, அதுதான் உறிஞ்சினாலும் ஒட்டாது. மேல இருந்து வீட்டுக்குழா மெதுவா நிரப்பிக்கிட்டே இருக்கும். கணக்கு பாருங்க: மெஷின் 6 லிட்டர் எடுக்குது, குழா 4 லிட்டர் ஊத்துது, ட்ரம் நிமிஷத்துக்கு 2 லிட்டர்தான் குறையும், ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஓட்டலாம். குழா சுத்தமா நின்னு போனாலும் அரை மணி நேரம் கிடைக்கும். ஆனா அடிமட்டம் வரைக்கும் இறக்காதீங்க, தண்ணி சுழிச்சு காத்தை உள்ள இழுத்துடும்.

இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, ட்ரம்ல இருந்து தானா தண்ணி உறிஞ்சற மெஷினா இருக்கணும். எல்லா மெஷினும் உறிஞ்சாது, சிலது குழாயோட தள்ளு இருந்தாத்தான் வேலை செய்யும், மேனுவல்ல தொட்டியில இருந்து எடுக்கலாம்னு தெளிவா போட்டிருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. ட்ரம்மை உயரத்துல வைக்கறது பம்ப்க்கு பெரிய உதவி. ஓட்டறதுக்கு முன்னாடி மெஷினை ஆன் பண்ணாம, நாசிலைக் கழட்டிட்டு கன்னை அழுத்திப் பிடிங்க, முதல்ல புஸ் புஸ்னு காத்து வரும், அப்புறம் தண்ணி இடைவிடாம ஒழுகும், அது வந்த பிறகுதான் நாசிலை மாட்டி ஸ்விட்சைப் போடணும். மழைத்தண்ணின்னா ஃபில்டர் கண்டிப்பா போடுங்க, ஒரு இலைத்துணுக்கு போதும் வால்வு மாட்டிக்க.

ட்ரம்ல இன்னொரு நல்லதும் இருக்கு. சில நாடுகள்ல ப்ரஷர் வாஷரை குடிதண்ணி லைன்ல நேரா மாட்டக்கூடாது, அழுக்குத் தண்ணி திரும்ப லைனுக்குள்ள போகாம இருக்க ஒரு தடுப்பு வால்வு வச்சுத்தான் மாட்டணும்னு விதி இருக்கு. மேல இருந்து ட்ரம்ல ஊத்தும்போது குழாய் முனைக்கும் தண்ணிக்கும் நடுவுல இடைவெளி இருக்கறதால திரும்பிப் போக வழியே இல்ல. அதே மாதிரி தெரு லைன்ல நேரா மோட்டார் போட்டு இழுக்கலாம்னு யாராவது சொன்னா விசாரிக்காம செய்யாதீங்க, பல இடத்துல அதுக்கு அனுமதி கிடையாது.

அப்பாவோட மெஷின் வேண்டாம் தம்பி. நாட்டுக்கு நாடு கரண்ட் மாறும், 230 வோல்ட் மோட்டாரை 120 வோல்ட்ல போட்டா திணறும், 1800 வாட் மெஷினைத் தாங்கற டிரான்ஸ்ஃபார்மர் தூக்க முடியாத கனம். ரெண்டு பக்கமும் 230 வோல்ட்தான்னாலும் குழாய் மரை பொருந்தாம போகலாம், டேப் சுத்தி ஒப்பேத்தினா அங்க காத்து கசியும், திரும்ப அதே கூழாங்கல் சத்தம்தான்.

கன்னை விட்டுட்டு மெஷினை ஓடவிட்டு பேசிக்கிட்டு நிக்காதீங்க, பெட்ரோல் மெஷின்ல அந்தத் தண்ணி பம்ப்க்குள்ளேயே சுத்திச் சுத்தி சூடாயிடும். எக்ஸ்டென்ஷன் வயர் தடியா இருக்கட்டும், சுருளை முழுசா பிரிச்சுப் போடுங்க. பனி விழற ஊரா இருந்தா குளிர் வர்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கற தண்ணி பூரா வடிச்சுட்டு வீட்டுக்குள்ள எடுத்து வைங்க, உறைஞ்சா பம்ப் விரிசல் விட்டுடும். குழந்தைங்களைப் பக்கத்துல விடவே விடாதீங்க, அந்தத் தண்ணி தோலைத் துளைச்சு உள்ள போகும், வெளிய சின்னப் புள்ளி மாதிரி தெரிஞ்சாலும் நேரா எமர்ஜென்சிக்குத்தான் போகணும், வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது.

இந்த சனிக்கிழமை வாளியை வச்சு ரெண்டு நேரமும் பார்த்துட்டு எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எழுதுங்க, ஹோஸ் எத்தனை மீட்டர், எத்தனை இஞ்ச்னும் சேர்த்து எழுதுங்க. மனசுல ஏதாவது மாடல் இருந்தா அதோட லிட்டர் கணக்கையும் போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் எதுக்கும் பணம் கட்டிடாதீங்க.