ரீச்சரிடம் கேளுங்கள்: திறப்பு யாரிடம்?

கேள்வி: ரீச்சர், என் மகன் உயர்தரம் முதலாம் வருடம். மழை வந்தால் வகுப்பறை ஒழுகுகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வகுப்பில் 37 பேர் கையெழுத்திட்டு அதிபருக்குக் கடிதம் கொடுத்தார்கள். எழுதியது இவன்தான். அதிபர் என்னைக் கூப்பிட்டு, "உங்கட மகனுக்குப் பாடசாலைப் பற்றே இல்லை. நற்சான்றிதழ் எடுக்க இங்கதானே வரவேணும்" என்றார். மாட்ச் நாளில் தொண்டை கட்டுமட்டும் கத்துகிறவன் அவன். மன்னிப்புக் கேட்கச் சொல்லவா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: வேண்டாம், தங்கச்சி. கடிதத்தில் மரியாதை தவறிய சொல் ஏதும் இருந்தால் அந்தச் சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கட்டும். ஒழுகுகிற கூரைக்கு அவன் ஏன் கேட்க வேண்டும்?

இதில் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் படிப்பித்த பள்ளிக்கூடமொன்றில் நூலகம் என் பொறுப்பில் இருந்தது. நூலகம் என்றால் மூன்று கண்ணாடி அலுமாரிகள். திறப்பு என் கைப்பைக்குள். வருட முடிவில் கணக்கெடுக்க வருவார்கள், ஒரு புத்தகம் குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அலுமாரி பூட்டியபடியே இருந்தது. புத்தகங்களும் புத்தம் புதிதாகவே இருந்தன.

ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இடைவேளையில் அலுமாரியைத் திறந்துவிட வேண்டுமாம், புத்தகங்களைத் தாங்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்களாம். ஒற்றைறூள் தாளில் முத்து முத்தான எழுத்து. மேலே பிள்ளையார் சுழி. (எழுதியவள் கிறிஸ்தவப் பிள்ளை. அது பிறகுதான் எனக்கு உறைத்தது.) கையெழுத்துகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள், யார் முதலில் போட்டது என்று தெரியக் கூடாதாம். எனக்கு ஆத்திரம் வந்ததே அந்த வட்டத்தைப் பார்த்துத்தான். "ஆர் இதுக்குத் தலைவி?" என்று கேட்டேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. கிழித்துக் கூடைக்குள் போட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்றியதாகத்தான் அன்று நினைத்தேன்.

அடுத்த தவணை அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இடைவேளையில் ரியூட்டரிக் குறிப்பைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல அமைதியான வகுப்பு என்று அதிபர் என்னைப் பாராட்டினார்.

பற்றில்லாத பிள்ளையை எனக்குத் தெரியும், தங்கச்சி. வரவுக்காக மட்டும் வந்து, ரியூட்டரி நேரம் பார்த்து நழுவிவிடும். கூரை ஒழுகினால் அதற்கென்ன, வாங்கைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளும். உங்கள் மகன் தள்ளிப் போடவில்லை.

சரி, இனிச் செய்ய வேண்டியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கும் இடம் உண்டு. ஒழுகும் இடத்தைப் படம் எடுத்து, கூட்டத்தில் நீங்களே எழுந்து பேசுங்கள். நற்சான்றிதழைக் காட்டி வெருட்டியதையும் அங்கேயே சொல்லுங்கள். நாலு பேர் காதில் விழட்டும்.

கேள்வி: எங்கள் கணித ரீச்சரைத் தவணை நடுவில் இடமாற்றிவிட்டார்கள். கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகலாமா?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: உன்னைவிடச் சின்னப் பிள்ளை ஒருத்தி கட்டியிருக்கிறாள். அமெரிக்காவின் டி மொய்ன் நகரத்தில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமி, 1965 டிசம்பரில், வியட்நாம் போரில் செத்தவர்களுக்காகக் கறுப்புப் பட்டி கட்டிப் பள்ளிக்குப் போனாள். வகுப்புத் தடை விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 இல் 7 க்கு 2 என்று அவள் பக்கம் தீர்ந்தது. படிப்பைப் பெரிதாகக் குழப்பாதவரை, பள்ளி வாசலோடு மாணவரின் பேச்சுரிமை முடிந்துவிடாது என்றார்கள் நீதிபதிகள். அது அவர்களுடைய சட்டம். நமது அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையும் பேச்சுச் சுதந்திரத்தைச் சொல்கிறது. அதற்காகச் சட்டப் புத்தகத்தோடு அதிபரின் அறைக்குப் போய்விடாதே பிள்ளை! வகுப்பு முழுக்கக் கையெழுத்து வைத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முதலில் எழுதுங்கள். பட்டி அதற்குப் பிறகு. கட்டினாலும் பாடத்தைத் தவறவிடாதே.

கேள்வி: மாணவர் எதிர்த்துப் பேசினால் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முன்பு எப்படி?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: வட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு என்னிடமா கேட்கிறீர்கள்? உங்கள் ஊர் யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த ஹன்டி பேரின்பநாயகமும் மற்றவர்களும் 1924 இல் தொடங்கியதுதான் மாணவர் காங்கிரஸ். பிறகு அது வாலிபர் காங்கிரஸ் ஆனது. 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்கள். கேட்டது இலங்கை முழுவதற்குமான சுயராச்சியம், தங்கள் மேடைக்குச் சிங்களத் தலைவர்களையும் அழைத்தார்கள். பிரித்தானிய ஆட்சி கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு அந்தச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தார்கள். குடாநாட்டின் நாலு தொகுதிகளிலும் வேட்பாளரே இல்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அது பிழையான கணக்கு என்பதுதான் என் எண்ணம். சட்டசபையில் பேச வேண்டிய காலத்தில் பேச ஆளில்லாமல் போனது. ஆனால் அவர்களை நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியுமா?

பகிஷ்கரிப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர்கள் நடத்திய சமபந்திப் போசனம். சில சாதிப் பிள்ளைகளை வகுப்பில் நிலத்தில் இருத்திய காலம் அது. அந்தப் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு இரவு வீட்டுக்குப் போன பெடியனுக்குப் படலையில் என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.