ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் மீசை இல்லை

கேள்வி: லாப்ரடார் தாய்க்கும் மினியேச்சர் பூடுல் என்ற சுருட்டை முடிச் சிறிய இனத் தந்தைக்கும் பிறந்ததாகச் சொல்லி ஐந்து நாய்க்குட்டிகளைக் காட்டினார்கள். எட்டு வாரம் ஆகிறது. நான்குக்கு வாயைச் சுற்றி மீசை, தாடி மாதிரி முடி இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் முகம் மழமழவென்று இருக்கிறது. எனக்குப் பிடித்திருப்பதும் அதுதான். "முடி கொட்டாது, 12 கிலோவைத் தாண்டாது, வேண்டுமானால் எழுதியே தருகிறேன்" என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் ஆசைப்படும் குட்டியின் முகமே விற்பவரின் கதையோடு ஒத்துப்போகவில்லை.

நாய்க்கு மீசை, தாடி, புதர் புருவம் தருவது ஆர்எஸ்பிஓ2 என்ற மரபணுவின் ஒரு வடிவம். அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், மீசை முளைத்துவிடும். அசல் பூடுலிடம் அநேகமாக இரண்டு பிரதிகளுமே மீசை வடிவமாகத்தான் இருக்கும். ஆகவே அதன் குட்டி ஒவ்வொன்றுக்கும் மீசை வந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு வரவில்லை என்றால், தந்தை நாயே கலப்பாக இருக்கலாம். அல்லது இந்தக் குட்டிக்குத் தகப்பன் வேறு. ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் உண்டு. விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். வேலி தாண்டி வந்த நாய் அவரிடம் சொல்லிவிட்டா வந்திருக்கும்? பத்தாவது வாரத்தில் ஒருமுறை முகவாயைப் பாருங்கள். மீசை தரும் மரபணு வடிவமே முடி உதிர்வதையும் குறைப்பது. அப்போதும் மழமழப்புதான் என்றால் சந்தேகம் வேண்டாம், இது லாப்ரடார் போலவே முடி உதிர்க்கும்.

மீசைக்கார நான்கும் உதிர்க்காது என்பதும் இல்லை. முதல் தலைமுறைக் கலப்பில் லாப்ரடாரின் பங்கு பாதி. ஓரளவு உதிர்வது சகஜம். இப்போது கைக்குப் பஞ்சாகத் தெரிவது குட்டி முடி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் அது போய்ப் பெரிய முடி வரும். இரண்டும் கலந்து கிடக்கும் அந்தச் சில மாதங்களில் காதுக்குப் பின்னால், அக்குளில், பட்டை கட்டும் கழுத்தில் சிக்கு விழும். மேலே சீவிவிட்டால் பளபளப்பாகத்தான் தெரியும், அடியில் கம்பளி மாதிரி இறுகியிருக்கும். சீப்பு தோல் வரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

12 கிலோ கணக்குக்கு வருவோம். பெண் லாப்ரடார் சுமார் 25 முதல் 32 கிலோ, மினியேச்சர் பூடுல் 5 முதல் 7 கிலோ. நடுவில் எடுத்தால் 15 முதல் 20. அதற்குக் கீழேயும் மேலேயும் போகலாம். ஆண் குட்டி என்றால் கொஞ்சம் கூடும். தகப்பன் யாரென்றே தெரியாவிட்டால் இந்தக் கணக்குக்கும் மதிப்பில்லை. பாதத்தின் பருமனைப் பார்த்துச் சொல்லும் ஜோசியத்தை விட்டுவிடுங்கள். எடையை வாரந்தோறும் குறித்து வருவது மேல். நடுத்தர நாய்கள் ஏறக்குறைய நான்கு மாதத்தில் முழு எடையில் பாதியைத் தொடும்; பெரிய இனங்களுக்கு ஐந்து மாதம் ஆகும். 16 வாரத்தில் 9 கிலோ இருந்தால் 18 கிலோவை எதிர்பார்க்கலாம்.

எழுதித் தருவதாக இருந்தால் வேறொன்றை எழுதி வாங்குங்கள்: தாய், தந்தை இரண்டின் எடை, டிஎன்ஏ முடிவு, ஒத்துவராவிட்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நிபந்தனை. தந்தையை நேரில் காட்டச் சொல்லுங்கள். குட்டிக்கே பரிசோதனை செய்வதென்றால் பால்குடி மறந்த பிறகு கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாய்ப்பாலோடு தாயின் செல்களும் கலந்துவிடும்.

25 கிலோ நாய் வந்தாலும் சரி, தினம் வீடு பெருக்கினாலும் சரி என்றால் மழமழ முகத்தையே வாங்குங்கள். விலையை மட்டும் பூடுல் கலப்புக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு நாய் ஒவ்வாமை உண்டு. சுருட்டை முடிக் கலப்பு வாங்கினால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பதில்: ஒவ்வாமை தருவது முடி அல்ல, எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்கள். 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஒவ்வாமை தராதவை என்று பெயர் வாங்கிய இனங்களின் ரோமத்தில் கேன்-எஃப்-1 என்ற முக்கியப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. முடி கொட்டாத நாய் சோபாவுக்கு நல்லது, அவ்வளவுதான். ஒவ்வாமை மருத்துவரைக் கேட்டுவிட்டு, வாங்க நினைக்கும் அதே நாயோடு மகளைப் பல முறை இருக்கவிட்டுப் பாருங்கள்.