தெருநாய்களும் கிண்டிக் காடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில் தெருநாய்களைப் பற்றியவையும், நகருக்குள் இருக்கும் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டைப் பற்றியவையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால், இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

வேளச்சேரி வாசகர்: ஐயா, எங்கள் தெருவில் நாய்த்தொல்லை தாங்க முடியவில்லை. மாநகராட்சி அவற்றைப் பிடித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா?

தீராது. நாய்கள் ஒரு தெருவில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அங்கே கிடைக்கும் உணவும் ஒதுங்க இடமும்தான். அவை இரண்டும் அப்படியே இருக்கும்வரை, காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய்கள் வந்துசேரும். அவை தடுப்பூசி போடாதவையாகவும் அத்தெரு மனிதர்களோடு பழகாதவையாகவும் இருக்கும். சென்னை இதைப் பட்டறிந்த ஊர். மாநகராட்சி ஆண்டுக்கணக்காக நாய்களைப் பிடித்துக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யலாம் என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-இல் முன்வைத்த யோசனையை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996-இல்தான்.

இன்று நடப்பில் உள்ள 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாள வெட்டு இட்டு, குறைந்தது நான்கு நாள்கள் கவனித்த பிறகு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது தடுப்பூசி போட்டால்தான் வெறிநோயின் சங்கிலி அறும். ஆகவே, நாய்களை அகற்றச் சொல்லிக் கேட்பதைவிட, உங்கள் தெருவின் எல்லா நாய்களுக்கும் ஒரே சுற்றில் இவ்வேலையை முடித்துத்தரக் கேளுங்கள். ஒரு பெட்டை விடுபட்டாலும் அடுத்த ஈற்றில் நான்கைந்து குட்டிகள் வந்துவிடும்.

தரமணி வாசகி: நாய்களுக்குச் சோறு வைப்பவர்களால்தான் கிண்டியில் மான்கள் சாகின்றன என்று எங்கள் குடியிருப்பில் சண்டை நடக்கிறது. நான் இரண்டையும் நேசிக்கிறேன். யார் பக்கம் நிற்பது?

அம்மா, இந்தச் சண்டையில் உண்மை இருபுறமும் இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர். நகரத்தின் நடுவே எல்லாத் திசையிலும் சாலையும் கட்டடமும் நெருக்க, வெளிமானும் புள்ளிமானும் நரியும் அந்தச் சிறு நிலத்தில்தான் பிழைக்கின்றன. அதை ஒட்டிய வளாகங்களில் நாய்கள் மான்களைத் துரத்திக் கொன்றிருப்பதை மறுப்பதற்கில்லை. விலங்கு நேயர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கும்போது அவர்களுடைய மற்ற நியாயங்களையும் ஊர் கேட்க மறுத்துவிடுகிறது. கடிப்பது மட்டுமல்ல, நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் போன்றவை நரிகளுக்குத் தொற்றும் ஆபத்தும் உண்டு.

ஆனால், சுவரோரமாக ஒருமுறை நடந்து பாருங்கள். பிரியாணிப் பொட்டலங்களும் எலும்பும் கோழிக்கடைக் கழிவும் குவிந்து கிடக்கும் இடத்தில்தான் நாய்க்கூட்டமும் படுத்திருக்கும். பக்கத்தில் சுவர் இடிந்திருந்தாலோ, மழைநீர்க் கால்வாய் கம்பியின்றித் திறந்திருந்தாலோ, அதுவே அவற்றுக்கு வாசல். ஒரு தட்டுச் சோறு வைப்பவரைவிட, அள்ளப்படாத குப்பைமேடு பல மடங்கு நாய்களை வளர்க்கிறது. எனவே என் நிலைப்பாடு இதுதான்: காட்டின் ஓரத்தில் எவரும் உணவு வைக்கக் கூடாது, உணவிடம் குடியிருப்பின் உட்பகுதிக்குப் போக வேண்டும், காட்டை ஒட்டிய தெருக்களில் கருத்தடையும் தடுப்பூசியும் முதலில் நடக்க வேண்டும், குப்பை நாள்தோறும் அள்ளப்பட வேண்டும், சுவரும் கால்வாய்க் கம்பியும் சீராக வேண்டும். உங்கள் குடியிருப்பில் சண்டையிடும் இரு தரப்பாரும் இவற்றைக் கேட்கும் மனுவில் சேர்ந்தே கையெழுத்திடலாம்.

அடையாறு வாசகர்: தெருவில் உணவு வைக்கவே கூடாதென்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே?

2025 ஆகஸ்ட் 22-ஆம் நாள் உத்தரவு, தெருவில் கண்ட இடத்தில் வைப்பதைத் தடைசெய்தது. வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்கும்படி உள்ளாட்சிக்குச் சொன்னது. அதே உத்தரவுதான், தில்லி வட்டாரத்து நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன முந்தைய உத்தரவைத் திருத்தி, வெறிநோய் கண்டவை, அந்த ஐயத்துக்குரியவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் அதே இடத்தில் விடச் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு வேறு வழி சொல்கிறது: அங்கே பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது.

உங்கள் வார்டில் உணவிடம் ஒதுக்கப்படவில்லையென்றால், அதைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றுக்குத் தள்ளி ஓரிடத்தை நீங்களே குறித்துக் கொடுப்பது நல்லது.

மடிப்பாக்கம் வாசகி: நாய் கடித்தால் முதலில் என்ன செய்வது?

காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ஆழமான காயத்துக்குத் தடுப்பூசியோடு, உடனடி எதிர்ப்பாற்றல் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது; அதனால் எந்தத் தவணையையும் தவறவிடாதீர்கள்.

பெருங்குடி வாசகர்: எத்தனை மனு கொடுத்தாலும் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற ஒரு வரிதான் வருகிறது.

"நாய்த்தொல்லை அதிகம்" என்று எழுதினால் அந்த ஒரு வரிதான் வரும். தெருவிலுள்ள நாய்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுங்கள்: "பால் பூத் வாசலில் படுக்கும் செம்பழுப்புப் பெட்டை, காதில் வெட்டு இல்லை, மடி இறங்கியிருக்கிறது, காலை ஆறு மணிக்கு அங்கேயே கிடைக்கும்." படத்தையும் சேருங்கள். பிடிக்க வரும் ஊழியர்களுக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும். 1913 எண்ணில் பதிந்த புகாரின் எண்ணை மனுவில் குறிப்பிடுங்கள். அதன் பிறகும் அசைவில்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில், உங்கள் வார்டில் கடந்த ஆண்டு நடந்த கருத்தடை எத்தனை, தடுப்பூசி எத்தனை, கருத்தடைப் பணிக்கான கண்காணிப்புக் குழு எப்போது கூடியது, அதன் கூட்டக் குறிப்பு என்ன என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து பேசுபவரை எளிதில் உட்காரவைக்க முடியாது.

கோட்டூர்புரம் கல்லூரி மாணவி: கிண்டிக் காட்டின் வெட்டவெளிகளில் மரக்கன்று நட எங்கள் குழு அனுமதி கேட்கலாமா?

வேண்டாம், மகளே. உங்கள் ஆர்வத்தை மதித்தே சொல்கிறேன். கிண்டி வறண்ட பசுமைமாறாப் புதர்க்காடு. அதனுள் இருக்கும் புல்வெளிதான் வெளிமானின் வீடு. தூரத்திலேயே ஆபத்தைக் கண்டு ஓடிப் பிழைக்கும் அந்த மானுக்கு வெட்டவெளி வேண்டும். அங்கே மரம் நட்டால் பச்சை கூடும், மான் குறையும். அதற்குப் பதிலாக, சீமைக் கருவேலம் அகற்றவும் ஓரக் குப்பையைக் கணக்கெடுக்கவும் தன்னார்வலர்களாக வரலாமா என்று வனத்துறையிடம் கேளுங்கள்.

சைதாப்பேட்டை வாசகர்: அரசு நிலத்து மரங்களை வெட்ட ஆள் வந்தால் உடனே எங்கே போவது?

முதலில் அனுமதி ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு நிலத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆணை இல்லையென்றால், நாள், நேரம் தெரியும்படி படமெடுத்து மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் அன்றே அனுப்புங்கள். தேசியப் பூங்காவுக்குள் என்றால் பாதுகாப்பு இன்னும் வலுவானது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரையின்றி அதன் எல்லையைக்கூட மாற்ற முடியாது.

சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடுவோர் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். வழக்குக்கான காரணம் தோன்றியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கலாம். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் தீர்ப்பாயத்தின் வரம்பில் உள்ளன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வனவிலங்குச் சட்டத்தை மட்டும் நம்பிய வழக்கென்றால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதே சரியான வழி.