மகள் கம்பெனி தொடங்கப் போகிறாளா? முதலில் பேச வேண்டியது பணம்

மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கும் மகளின் கையில் ஆஃபர் லெட்டர் இருக்கிறது. அவளோ வகுப்புத் தோழர்கள் இருவருடன் சேர்ந்து மதுரையிலேயே கம்பெனி தொடங்கப் போவதாகச் சொல்கிறாள். முருங்கை இலை உலர்த்தும் கூடங்களில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானாகச் சீராக்கும் கருவி. விடலாமா, தடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அதை முடிவு செய்யுமுன் வீட்டில் பேசித் தாளில் எழுத வேண்டியவை இரண்டு: வீட்டுப் பணம் எவ்வளவு வரை, எந்தத் தேதி வரை. இந்த இரண்டும் எழுதப்படாத வீடுகளில்தான் ஒன்றரை ஆண்டு கழித்து நகை அடகுக்குப் போகிறது.

பட்டத்தை முடிக்காமல் இறங்க வேண்டாம். கண்டிப்பாக இடைவெளி வேண்டுமென்றால், மாணவர் தொழில்முனைவோருக்கான 2019 தேசியக் கொள்கை செமஸ்டர் அல்லது ஓராண்டு இடைவெளிக்கு இடம் தருகிறது. கல்லூரி அதை ஏற்றிருக்கிறதா என்று முதல்வர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆஃபர் தந்த நிறுவனத்திடம் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் நஷ்டமில்லை. பெரும்பாலும் மறுப்பார்கள், ஆனாலும் கேட்கலாம்.

மதுரையில் தொடங்குவதன் ஒரே பெரிய லாபம், அதே பணத்தில் கூடுதல் மாதங்கள் தாக்குப்பிடிக்கலாம் என்பது. ஓர் உத்தேசக் கணக்கு: மூவருக்கும் கைச்செலவுக்குத் தலா 12,000, ஓர் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் 20,000, அறை வாடகை 9,000, மின்சாரம், நெட் 4,000, ஒட்டன்சத்திரம், கரூர் என்று உலர்த்தும் கூடங்களுக்கு அலைவதற்கு 8,000, ஆடிட்டரும் சில்லறையும் 5,000. மாதம் 82,000, பன்னிரண்டு மாதத்துக்கு 9.84 லட்சம். மாதிரிக் கருவி பத்து செய்ய, ஒன்றுக்கு 6,000 என்றால் இன்னொரு 60,000. இந்தக் கணக்கை அவர்களே போட்டுக் காட்டட்டும். கைச்செலவு இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தால் நம்பாதீர்கள். சம்பளமே வேண்டாம் என்று தொடங்கும் மூவரில் ஒருவர் ஆறாம் மாதம் வேலை தேடுவார்.

சிரமம் எங்கே என்றால், அனுபவமுள்ள ஆட்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுவார்கள். இளையவர்களை எடுத்துப் பழக்க வேண்டியிருக்கும். அதற்கு மூன்று நான்கு மாதம் கூடவே ஒதுக்கச் சொல்லுங்கள்.

முதல் பணம் வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். "மூணு மாசம் வச்சுப் பார்க்கிறோம்" என்று ஓசியில் வாங்கி வைப்பவர் அதை ஒரு மூலையில் போட்டுவிடுவார். பழுதானாலும் சொல்ல மாட்டார். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்தவர்தான் இரவு பத்து மணிக்குப் போன் செய்து திட்டுவார். அந்தத் திட்டில்தான் விஷயம் இருக்கிறது: இலைத் தூசி படிந்து ஈரப்பத சென்சார் தப்பாகக் காட்டுகிறது, கிராமத்து வோல்டேஜ் ஏறி இறங்கி அடாப்டர் போகிறது, வெப்பம் கூடி இலை பழுத்துப் பொடிக்கு விலை விழுகிறது. இதெல்லாம் கல்லூரி லேபில் தெரியாது. பத்துக் கூடங்களில் நான்கு பேராவது முன்பணம் தராவிட்டால், கருவியையோ விலையையோ மாற்ற வேண்டும். மானியத்துக்கு எழுதுவதைப் பிறகு பார்க்கலாம்.

மானியங்களில் வரிசை முக்கியம். மாதிரிக் கருவி செய்யும் கட்டத்தில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' என்ற திட்டம் 10 லட்சம் வரை தருகிறது. தனிநபராகவே விண்ணப்பிக்கலாம், கம்பெனி வேண்டியதில்லை. மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சரில் முதல் வகை 2 லட்சம் வரை, இரண்டாம் வகை 5 லட்சம் வரை. புதுத் தொழில்களுக்கான மாநில அரசு அமைப்பு ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதி 10 லட்சம் வரை. பெண்கள் தலைமையிலான நிறுவனங்களுக்கும், ஊரகம், பசுமைத் தொழில்நுட்பம் சார்ந்தவற்றுக்கும் 15 லட்சம் வரை. இதற்கு ஈடாக 3 சதவீதப் பங்கு கேட்டிருக்கிறார்கள், ஆகவே இலவசம் என்று நினைக்க வேண்டாம். வேளாண் சார்ந்த தொழில் என்பதால் மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கும் மாபிஃப் இன்குபேட்டரை, அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையத்தை, முதலில் போய்ப் பார்க்கட்டும்.

எந்த மானியமும் ஒரே தவணையில் வராது. ஒரு கட்டத்தை முடித்துக் கணக்குக் காட்டிய பின்பே அடுத்த தவணை. இடையில் வரும் இரண்டு மூன்று மாத வறட்சிதான் பல குழுக்களைக் கலைக்கிறது. நீங்கள் தரும் வீட்டுப் பணத்தை இந்த இடைவெளிக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது.

புதுத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் என்று யாராவது ஆசை காட்டலாம். அது வங்கிக் கடனோடு வரும் மானியம். 10 லட்சத்துக்கு மேல் திட்ட மதிப்புள்ள, மெஷின் வாங்கும் தொழிலுக்குப் பொருந்தும். விற்பனை நிலைக்காத கருவிக்குத் தவணைக் கடன் கழுத்தைப் பிடிக்கும். 2026 ஏப்ரலிலிருந்து தரும் சிறு தொழில் கடனில் 20 லட்சம் வரை (அதற்கு முன் 10 லட்சம் வரை) சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுப் பத்திரத்தைக் கேட்கும் மேனேஜரிடம் அதைச் சொல்லுங்கள்.

சித்தப்பா இரண்டு லட்சம், நண்பனின் அப்பா ஒரு லட்சம் என்று கம்பெனிக் கணக்கில் கைமாற்றாக வாங்குவது சர்வசாதாரணமாக நடக்கும் தப்பு. இயக்குநரோ, சட்டம் உறவினர் என்று சொல்லும் நெருங்கிய குடும்பத்தாரோ உறுதிமொழியுடன் கடன் தரலாம். அந்தப் பட்டியலில் சித்தப்பா இல்லை. பங்குதாரரல்லாத வெளியாள் தந்தால் அது சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும், கம்பெனி அப்படி இஷ்டத்துக்கு வாங்க முடியாது. ஆடிட்டரைக் கேட்டுப் பங்காகவே முறைப்படி ஒதுக்குங்கள்.

ஐந்து லட்சத்துக்கு 40 சதவீதம் கேட்கும் உள்ளூர்ப் பணக்காரர் ஒருவர் நிச்சயம் வருவார். வேண்டாம். நிறுவனர்கள் கையில் பங்கு மெலிந்துவிட்டால் அடுத்து வரும் முதலீட்டாளர் யாரிடம் எவ்வளவு பங்கு என்று காட்டும் கேப் டேபிளைப் பார்த்ததுமே எழுந்துவிடுவார். மதுரையில் தொடங்கிய நேட்டிவ் ஏஞ்சல்ஸ் போன்ற முதலீட்டாளர் குழுக்களை, விற்பனை பில்கள் கையில் வந்த பிறகு அணுகலாம்.

மூன்று நண்பர்களும் ஆளுக்கு 33 என்று பிரித்துக்கொள்வதில் தவறில்லை. ஒருவர் எட்டாம் மாதம் வேலைக்குப் போய்விட்டால் அந்த 33 என்னவாகும் என்பதைத்தான் எழுத வேண்டும். நான்கு ஆண்டில் படிப்படியாகப் பங்கு உரிமையாகும், ஓராண்டுக்குள் விலகினால் ஒன்றுமில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்தாக வேண்டிய காகிதம் இது.

பிரைவேட் லிமிடெட் பதிவை முதல் முன்பணம் வரும்வரை தள்ளிப்போடலாம். 2021-ல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், பதிவாகி 2 ஆண்டு தாண்டிய கம்பெனிக்கு இடமில்லை என்றே விதி வைத்தார்கள். அவசரப்பட்டுப் பதிந்தவர்கள் அங்கே தகுதி இழந்தார்கள். பதிந்த பின் 180 நாளுக்குள் தொழில் தொடங்கிய அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் படிவங்கள் இரண்டு. தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஓராண்டு மறந்தால் 73,000. இருவர் வேண்டுமே என்று அம்மாவை இயக்குநராகப் போடும் வீடுகள் கவனிக்கவும்: தொடர்ந்து மூன்றாண்டு தாக்கல் இல்லையென்றால் அவரும் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஏஜெண்டுக்குப் பணம் தர வேண்டாம். அந்த எண்ணைப் பில்லில் அச்சிட்டால், சரக்கு வாங்கியவரிடம் நிலுவையை 45 நாளுக்குள் தரச் சொல்லிக் கேட்கப் பிடி கிடைக்கும்.

குறித்த தேதியில் பில்லும் இல்லை, பணமும் இல்லை என்றால், பூட்டிவிட்டு வேலைக்குப் போவது மட்டும் போதாது. கடன்களைத் தீர்த்து, பாக்கிப் படிவங்களைத் தாக்கல் செய்து, 10,000 ரூபாய் கட்டணத்துடன் பதிவேட்டிலிருந்து கம்பெனியின் பெயரை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தொகையையும் ஆடிட்டர் கூலியையும் முதல் நாளே தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.